ஆள் வருது

ஐப்பசி மாதத்தின் இரண்டாம் செவ்வாய்க்கிழமை முற்பகல் பதினொன்றே கால் மணிக்கு, மாவட்டத் தலைநகரின் பெரிய மருத்துவமனையில், புற்றுநோய்ப் பிரிவின் வெளிநோயாளர் கூடத்தில், சன்னலை ஒட்டிக் கிடந்த மூன்றிருக்கை பெஞ்சு, தன்மீது அமர்ந்திருந்த இரண்டு பெண்களோடும் ஆளில்லாத ஓர் இருக்கையோடும் மெல்ல எழுந்து நடக்கத் தொடங்கியது. கூடத்தில் இருந்தவர்கள் கால்களை மடக்கி வழிவிட்டார்கள். தரை துடைத்துக்கொண்டிருந்த பெண், ஈரத்தில் அதன் இரும்புக்கால் வழுக்கிவிடக் கூடாதே என்று வாளியை ஓரமாக இழுத்துக்கொண்டார். செவிலியர் ஜெசிந்தா பதிவேட்டிலிருந்து தலையை நிமிர்த்தி, "வெள்ளிக்கிழமைக்குள்ள திரும்பிருங்க. அடுத்த வாரம் டாக்டரம்மா லீவு" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த எண்ணை அழைத்தார்.

பேருந்தின் சன்னல் வழியே துண்டை எறிந்து இடம்பிடிக்கும் வழக்கமுள்ள நாடு இது. துண்டு விழுந்த இருக்கை ஆள் அமர்ந்த இருக்கைக்குச் சமம். துண்டுக்குரியவர் வந்து சேரும்வரை அருகில் இருப்பவர் கேட்போருக்கெல்லாம் "ஆள் வருது" என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதும், அப்படிச் சொல்லப்பட்டபின் அவ்விடத்தில் வேறெவரும் அமரலாகாது என்பதும், எந்தச் சட்டத்திலும் எழுதப்படாமல் எல்லோராலும் காக்கப்படுகிற விதிகள். அன்று காலை எட்டு மணிக்குத் தங்கபுஷ்பம் அந்தப் பெஞ்சின் மூன்றாம் இருக்கையில் ஒரு பச்சைக்கரைத் துண்டை விரித்தாள். அதன்பின், கால் கடுத்தவர்களும் ஊசி போட்டுக்கொண்டு வந்தவர்களும் துணைக்கு வந்து களைத்தவர்களுமாக நாற்பத்தொரு பேர் அந்த இடத்தைக் கேட்டார்கள். நாற்பத்தொரு பேருக்கும் தங்கபுஷ்பமும் மாடத்தியும் மாறி மாறி "ஆள் வருது" என்றார்கள். ஆள் வரவில்லை. நாற்பத்தோராம் முறை சொல்லி முடித்தபோது பெஞ்சு எழுந்தது. வருவதாகச் சொல்லப்பட்டவர் வராவிட்டால் அவர் இருக்கும் இடத்துக்குத் தான் போவதே முறை என்று அது எண்ணியிருக்கலாம், எண்ணாமலும் இருந்திருக்கலாம். அதனிடம் எவரும் காரணம் கேட்கவில்லை.

வரவேண்டிய ஆள் சண்முகவடிவு, பதினான்கு கிலோமீட்டர் தொலைவிலுள்ள வாகைநேரியில் மாவு மில் நடத்துகிறவள், ஐம்பத்திரண்டு வயது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவளுக்கும் பீடி சுற்றுகிறவளான மாடத்திக்கும் கருப்பை வாயிலும், பள்ளிச் சத்துணவுக் கூடத்தில் சமைக்கிற தங்கபுஷ்பத்துக்குக் கருப்பையிலும் புற்று கண்டபோது, மூவருக்கும் ஒரே மாதத்தில் கதிர்ச்சிகிச்சை நடந்தது. 'கரண்டு வைக்கிறது' என்பது அவர்கள் அதற்கு இட்ட பெயர். இருபத்தைந்து நாள் அதே பெஞ்சில் அதே வரிசையில் அமர்ந்து முறைக்குக் காத்திருந்தார்கள். வாந்தி வந்தவளின் நெற்றியை மற்றவள் பிடித்தாள். வயிற்றுப்போக்குக் கண்டவள் ஓடியபோது அவள் முறையை மற்ற இருவரும் காத்தார்கள். முதலில் கேட்கக் கூசியவற்றையெல்லாம் மூன்றாம் வாரத்தில் சிரித்துக்கொண்டே கேட்டார்கள். நோய் நீங்கியபின், முதல் இரண்டாண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறையும், பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறையும், ஐந்தாண்டு கடந்தால் ஆண்டுக்கு ஒருமுறையும் வந்து உடம்பைக் காட்டிப்போக வேண்டும் என்று மருத்துவர் வள்ளிநாயகி சொன்னார். ஜெசிந்தா மூவரின் அட்டைகளிலும் ஒரே தேதியை எழுதிக் கொடுத்தார். ஏழு முறை மூவரும் சேர்ந்தே வந்தார்கள். எட்டாம் முறைதான் துண்டு மட்டும் கிடந்தது.

பெஞ்சு சாலையின் இடப்பக்கமாகவே, கன்றை எதிர்பார்க்கும் பசுவின் நிதானத்தோடு நடந்தது. பின்னால் வந்த நகரப் பேருந்தின் நடத்துநர் படியில் தொங்கியபடி, "யக்கா, எங்கன போறிய?" என்றார்.

"வாகைநேரிக்கு."

"பாலத்துக்கிட்ட ரோட்ட வெட்டிப் போட்டிருக்கான். பாத்துப் போங்க."

மாடத்தி மடியில் வைத்த முறத்தில் பீடி இலையைக் கத்தரித்துக்கொண்டே வந்தாள். புகையிலைத் தூளைக் கொண்டுவந்தால் ஜெசிந்தா முறத்தோடு வாசலுக்கு அனுப்பிவிடுவார் என்பதால், மருத்துவமனைக்கு வரும் நாள்களில் இலை நறுக்குவதோடு நிறுத்திக்கொள்வாள். தங்கபுஷ்பம் வீட்டுக்காரருக்குத் தொலைபேசியில் செய்தி சொன்னாள். வர இரண்டொரு நாள் ஆகும், பானையில் பழையது இருக்கிறது, அதற்குமேல் கேட்காதீர்கள்.

மூன்றரை மணிக்குப் பெஞ்சு மில்லின் முன் வந்து நின்றது. உள்ளே மிளகாய் அரைபட்டுக்கொண்டிருந்தது. புருவத்தில் மாவு படிந்த வடிவு வெளியே வந்தாள், பெஞ்சைப் பார்த்தாள், வியக்கவில்லை, முகம்தான் வெளுத்தது.

"ஏட்டி வடிவு, நீ இங்ஙன மொளகா அரச்சிக்கிட்டு இருக்க, அங்ஙன ஒன் எடத்துக்கு அடிதடி நடக்கு" என்றாள் தங்கபுஷ்பம்.

"மெதுவாப் பேசுங்கக்கா. எதுக்கு இங்ஙன வந்திய? நாலு பேரு பாக்குதாவ."

"நாலு பேரா? வாற வழியில நானூறு பேரு பாத்தாச்சு. ஒரு டீக்கடைக்காரரு பன்னு வேற குடுத்தாரு."

"ஊருக்குள்ள கல்லடைப்புன்னுல்லா சொல்லி வச்சிருக்கேன்!"

"ரெண்டு வருசமா ஒடைக்குத கல்லு, மலையால்லா இருக்கும்?" என்றாள் மாடத்தி, இலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பெஞ்சின் முதுகில், 'புற்றுநோய்ப் பிரிவு. வெளியே எடுத்துச் செல்லக் கூடாது' என்று சாண் உயர வெள்ளை எழுத்துகள் தீட்டப்பட்டிருந்தன. வடிவு ஓடிப்போய் ஒரு காலிச் சாக்கை எடுத்து வந்து அவற்றின்மேல் போர்த்தினாள். அவள் போர்த்தி முடித்தபோது, தெருவில் நின்ற பதினேழு பேரில் எழுத்தறிந்த பதினைந்து பேர் அதைப் படித்திருந்தார்கள். மற்ற இருவருக்கும் படித்துச் சொல்லப்பட்டிருந்தது. ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. ஆகவே ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது என்று வடிவு பொருள்கொண்டாள்.

அவள் அஞ்சியது அனைவரையும் அன்று, ஒருத்தியைத்தான். கணவன் சுடலைமுத்துவின் மூத்த சகோதரி ஆவுடையம்மாள் அடுத்த தெருவில் இருந்தாள். வாகைநேரியில் எந்த மங்கல காரியத்துக்கும் எந்த வீட்டில் நெல் குத்துவது, எந்த மில்லில் மாவு அரைப்பது, யார் முதலில் குலவையிடுவது என்பதை ஆவுடையம்மாளே முடிவு செய்வாள். அவள் குலவை மூன்று தெருவுக்குக் கேட்கும். முன்பொரு முறை, மார்பில் அறுவை செய்துகொண்ட வடக்குத் தெருப் பெண் ஒருத்தி கல்யாண வீட்டில் மாவு பிசையக் குனிந்தபோது, "சீக்குக்காரி கை வேண்டாம்" என்று அவளை எழுப்பிவிட்டவளும் ஆவுடையம்மாளே. அந்தச் சொல்லைக் கேட்டு நின்றவர்களுள் வடிவும் இருந்தாள்.

"வாறியா, இல்லையா?" என்றாள் தங்கபுஷ்பம்.

"வரலை."

"சரி. நாங்க இங்ஙனதான் இருப்போம். எந்திரிச்சா டோக்கன் போயிரும்."

இருக்கையை விட்டு எழுந்தவர் வரிசையை இழந்தவர் என்பது அந்தக் கூடத்தின் ஒழுங்கு. கூடத்தை விட்டு வந்தபின்னும் இருவரும் அதை மீறவில்லை. பதினெட்டாம் டோக்கன் மாடத்தியிடமும், பத்தொன்பது தங்கபுஷ்பத்திடமும், வடிவுக்கென்று வாங்கிய இருபது துண்டின் முடிச்சிலும் இருந்தன. குளிக்கவும் கொல்லைக்குப் போகவும் மட்டும், ஒருத்தி தன் இடத்தில் முறத்தையோ பையையோ வைத்துவிட்டுப் போய்வர, மற்றவள் காத்தாள்.

ஊர் அதைப் பழகிக்கொள்ள அரை நாள் போதுமானதாக இருந்தது. முதலில் எழுந்த ஒரே கேள்வி, பெஞ்சு தெற்கு நோக்கி நிற்கிறதே, அதில் அமர்ந்து சாப்பிடுகிறவர்களுக்கு அது ஆகுமா என்பது. நால்வர் சேர்ந்து, பெண்களோடு அதைத் தூக்கிக் கிழக்கு நோக்கித் திருப்பி வைத்தார்கள். கையை எடுத்ததும் அது மில்லைப் பார்த்தே திரும்பிக்கொண்டது. சரி, அதன் விருப்பம் அதுவானால் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். கிராம நிர்வாக அலுவலர் வரைபடத்தோடு வந்து அளந்து, சாலைப் புறம்போக்கில் ஒரு பொருள் நிற்பது ஆக்கிரமிப்புதான் என்றாலும், அரசின் நிலத்தில் அரசின் பெஞ்சு நிற்பதை யார்மீது எழுதுவது என்று விளங்காமல், தங்கபுஷ்பம் நீட்டிய முறுக்கைத் தின்றுவிட்டுப் போனார். சோறு எந்த வீடு, குழம்பு எந்த வீடு என்று தெருப்பெண்கள் முறை வைத்துக்கொண்டார்கள். இதில் தங்கபுஷ்பத்தின் நாவுக்கு அஞ்சி ஒவ்வொரு வீட்டிலும் வழக்கத்தைவிடக் கவனமாகச் சமைத்தார்கள், ஏனெனில் அவள் முந்நூறு பிள்ளைகளுக்குச் சாம்பார் வைக்கிறவள், முதல் கவளத்திலேயே, "பெருங்காயத்த டப்பாவோட காட்டிட்டு எடுத்திட்டியளோ?" என்று கேட்டுவிடுவாள்.

சுடலைமுத்து பேசாதவன். மில் எந்திரங்களின் ஓசைக்குள் முப்பது ஆண்டு வாழ்ந்தவனுக்குப் பேச்சு தேவைப்படவில்லை. அவன் புதன்கிழமை காலை பெஞ்சின் கால்களைக் குனிந்து பார்த்தான். நான்கு ரப்பர் குமிழ்களும் தேய்ந்து இரும்பு தெரிந்தது. பழைய மில் பெல்ட்டை அறுத்து, அளவு பார்த்து, நான்கு குமிழ்கள் செய்து மாட்டினான். மூட்டுகளுக்கு எண்ணெய் விட்டான். மனைவியிடம், "திரும்பிப் போகையில சத்தம் இருக்காது" என்றான். அவள் நோய் அவனுக்குத் தெரியும். வடிவு மருத்துவமனைக்குப் போகவில்லை என்று சொன்ன செவ்வாய்க்கிழமை காலையில், "ஏன்?" என்று கேட்டுவிட்டு, விடை வராததால் மில்லைத் திறந்தவன் அவன்.

அன்று பிற்பகல் மழை பிடித்தது. பந்தல்காரர் தார்ப்பாயைக் கொண்டுவந்து கட்டினார். மழைக்குள் பெஞ்சு தன் கால்களைச் சற்றே நெருக்கி வைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்தவர்கள், அதற்கும் குளிரும் போலும் என்று பேசிக்கொண்டார்கள்.

வியாழக்கிழமை காலையில் ஆவுடையம்மாள் வந்தாள். கையில், ஊறவைத்து வடித்த பச்சரிசிப் பாத்திரம். காற்றில் சாக்கு நழுவிச் சேற்றில் கிடந்தது. எழுத்துகள் வெட்டவெளியில் நின்றன. அவள் சாக்கை எடுத்து, உதறி, மடித்து, வடிவின் கையில் கொடுத்தாள்.

"நனைஞ்சு நாறுது. காயப்போடு. இது மாவெளக்குக்கு, மிசினத் தொடச்சிட்டு அரை. மொளகா நெடி வந்துரக் கூடாது."

"மைனி, அந்த எழுத்து..."

"செவ்வாக்கெழமையே வாசிச்சாச்சு. எனக்கு என்ன எழுத்து தெரியாதா?"

"எங்கையால அரச்சா..."

"அரைக்குதது மிசினுல்லா" என்றாள் ஆவுடையம்மாள். அதைச் சொன்னபோது அவள் வடிவின் முகத்தைப் பார்க்கவில்லை. பெஞ்சின் முதுகிலிருந்த எழுத்துகளையே, இன்னொரு முறை எழுத்துக்கூட்டுகிறவள்போலப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மாவு அரைபடும்வரை ஓரமாக நின்று, வாங்கிக்கொண்டு போனாள்.

அவ்வளவில் தடை நீங்கியிருக்க வேண்டும். நீங்கவில்லை. வடிவு மில்லை நிறுத்திவிட்டு வந்து, மூன்றாம் இருக்கையில் அமராமல், பெஞ்சின் காலடியில், தார்ப்பாயின் கீழ், வெறுந்தரையில் உட்கார்ந்தாள்.

"ஊருக்குத் தெரிஞ்சாச்சு. ஒன் மைனியும் மாவு வாங்கிட்டுப் போயாச்சு. இன்னும் என்னட்டி?" என்றாள் தங்கபுஷ்பம்.

தார்ப்பாயிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"ரத்தம் பட்டுச்சுக்கா" என்றாள் வடிவு. "பொரட்டாசியில மூணு தடவ. பொட்டு மாதிரி. எங்க வீட்ல அவியகிட்டகூடச் சொல்லல. அங்ஙன வந்தா, அது திரும்பிட்டுன்னு சொல்லுவாவ. வராம இருந்தா யாரும் சொல்ல மாட்டாவல்லா?"

மாடத்திதான் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

"எனக்கு ஆடியில பட்டுச்சு. ஒங்ககிட்டச் சொல்லாம நானே போயிக் காட்டுனேன். சொல்லியிருக்கணும். கரண்டு வச்ச எடத்துல தோலு மெலிஞ்சு கசியுதுன்னு டாக்டரம்மா சொன்னாவ. ஒனக்கும் அதுதான்னு நான் சொல்ல மாட்டேன். எனக்குத் தெரியாது. ஒனக்கும் தெரியாது. தெரிஞ்சவிய அங்ஙன இருக்காவ. நாளைக்கு வரைக்குந்தான் இருப்பாவ."

வடிவு தலையைக் குனிந்துகொண்டாள். குனிந்தபோதுதான் மாடத்தியின் இடக்காலைக் கண்டாள். கணுக்கால் மறைந்து, புறங்கால் உப்பி, மெட்டி சதைக்குள் புதைந்திருந்தது. சிகிச்சைக்குப்பின் அந்தக் காலில் நீர் தேங்குவது மூவருக்கும் தெரிந்ததே. தொங்கவிட்டு உட்காரக் கூடாது, உயரத்தில் நீட்டி வைக்க வேண்டும், கீழிருந்து மேலாக இதமாகத் தடவிவிட்டுத் துணிப்பட்டை சுற்ற வேண்டும் என்று ஜெசிந்தா மூவரையும் நிறுத்திவைத்துக் கற்றுக்கொடுத்திருந்தார். மூன்று நாள் அது தொங்கிக்கொண்டே இருந்திருக்கிறது.

அவள் உள்ளே ஓடித் தலையணையும் வேட்டிக் கிழிசலும் கொண்டுவந்தாள். காலைத் தன் மடியில் ஏற்றிவைத்து, மாவுக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, கணுக்காலிலிருந்து மேல்நோக்கித் தடவினாள்.

"செவ்வாக்கெழமை டாக்டரம்மாகிட்ட இதக் காட்டினியளா?"

"எங்க காட்ட? நான் பதினெட்டு. பதினேழக் கூப்பிடயில பெஞ்சு எந்திரிச்சிட்டு."

வடிவின் கை நின்றது. "தங்கபுஷ்பக்கா, நீங்க?"

"நான் பத்தொம்பதுல்லா?"

அவள் இருவரின் அட்டைகளையும் வாங்கிப் பார்த்தாள். ஐப்பசிக்கு நேரே இரண்டிலும் ஒன்றும் எழுதப்படவில்லை. மூன்று மாதம் காத்திருந்த நாளை, தங்கள் உடம்பைப் பற்றி ஒரு சொல் கேட்காமல், இருவரும் விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள்.

"பெஞ்சு எந்திரிச்சா நீங்க எறங்கிக்கிட வேண்டியதுதானே? எதுக்கு இதுலயே உக்காந்து வந்திய?"

தங்கபுஷ்பமும் மாடத்தியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அப்படியொரு வழி இருந்தது என்பதை அப்போதுதான் அறிகிறவர்கள்போல இருந்தது அவர்கள் பார்வை.

"எறங்கியிருக்கலாம்" என்றாள் தங்கபுஷ்பம் மெதுவாக. "எங்களுக்குத் தோணலட்டி."

வடிவு பட்டையைச் சுற்றி முடித்தாள். முடிச்சிட்டாள். எழுந்து, மூன்றாம் இருக்கையிலிருந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, "காலையில எத்தன மணிக்குக் கெளம்பணும்?" என்று கேட்டாள்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் புறப்பட்டார்கள். மாடத்தியின் கால் தலையணைமேல் வடிவின் மடியில் இருந்தது. மில்லைப் பற்றி வடிவு ஏதோ சொல்ல வாயெடுக்க, சுடலைமுத்து, "மில்லு எங்கயும் நடந்து போயிராது. நீ போயிட்டு வா" என்றான். மணமாகி முப்பதாண்டில் அவன் சொன்ன முதல் வேடிக்கை அது என்பதால், சிரிக்க அவளுக்குச் சற்று நேரம் ஆயிற்று. புதிய குமிழ்கள் போட்ட பெஞ்சு ஓசையே இல்லாமல் நடந்தது. தெருப்பெண்கள் ஊரெல்லைவரை வந்தார்கள். சிலர் கண்மாய்க் கரைவரை வந்தார்கள். மூன்றாம் கிலோமீட்டரில் எல்லோரும் நின்றுவிட்டார்கள். ஆவுடையம்மாள் மட்டும் குடையை விரித்துக்கொண்டு பின்னாலேயே வந்தாள்.

"வெயிலேறுது மைனி, திரும்புங்க" என்றாள் வடிவு.

"ஒனக்கென்ன, நீ உக்காந்து வார. நடக்குதது எங்காலு."

"எதுக்கு மைனி இந்தப் பாடு?"

"ஒரு தொணைக்குத்தான்."

யாருக்கு யார் துணை என்று அவள் சொல்லவில்லை, வடிவும் கேட்கவில்லை. பத்தரை மணிக்குப் பெஞ்சு கூடத்துக்குள் நுழைந்து, சன்னலை ஒட்டிய தன் இடத்தில் நின்றது.

"பதினெட்டு" என்று அழைத்தார் ஜெசிந்தா, இடையில் மூன்று நாள் போனதாகவே காட்டிக்கொள்ளாமல். பிறகு எழுதுகோலோடு மூவர்முன் அமர்ந்து, ஒவ்வொரு முறையும் கேட்பவற்றை ஒன்றுவிடாமல் கேட்டார். சிறுநீர் எரிகிறதா, மலத்தோடு ரத்தம் உண்டா, கால் வீங்குகிறதா, திடீரென்று உடம்பு கொதிக்கிறதா, தூக்கம் எப்படி, மனம் எப்படி, கதிர் பட்ட வழி சுருங்காதிருக்கக் கொடுத்த குழாயைச் சொன்னபடி பயன்படுத்துகிறீர்களா, வீட்டுக்காரரோடு சேரும்போது வலி உண்டா.

"எங்க வீட்டுக்காரரு கொறட்டையோடதான் குடித்தனம் நடத்துதாரு. அதுல எனக்கென்ன வலி?" என்றாள் தங்கபுஷ்பம். ஜெசிந்தா சிரிக்காமல், 'வலி இல்லை' என்று எழுதினார்.

வடிவின் முறை வந்தது. மருத்துவர் வள்ளிநாயகியின் முன் நின்று, அவர் கேட்பதற்கு முன்பே, ரத்தம் பட்டதைச் சொன்னாள். எத்தனை முறை, எந்தெந்த நாள், எவ்வளவு என்று, மாவுக்கு எடை சொல்வதுபோலச் சொன்னாள். மேசையில் படுத்தாள். விளக்கு இழுக்கப்பட்டது. உலோகம் குளிர்ந்தது. கண்ணை மூடிக்கொண்டு, தங்களுக்கு உரிய ஒரு நாளை இரண்டு பெண்கள் தனக்காகக் கொடுத்ததையும், வாய்திறந்து அதிகம் பேசாத ஒரு மனிதன் பெஞ்சின் மூட்டுக்கு எண்ணெய் விட்டதையும், படித்தும் படிக்காதவர்களாக இருந்து சோறு கொண்டுவந்த தெருவையும், கேட்பதற்கு ஒருபோதும் சலிக்காத ஒரு செவிலியரையும், இவர்களுள் ஒருவருக்கும் நன்றி என்ற சொல்லைத் தான் சொன்னதில்லை என்பதையும், இனிச் சொன்னாலும் அவர்கள் அதை வாங்கிக்கொள்ளாமல் வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள் என்பதையும் ஒன்றன்பின் ஒன்றாக நினைத்தபடி, அவள் மூச்சை உள்ளே இழுத்து விட்டாள்.

"கதிர் பட்ட எடத்துல ரத்தக்குழாய் மெலிஞ்சு இருக்கு. தொட்டாலே கசியுது" என்றார் வள்ளிநாயகி. "பார்வைக்கு வேற ஒண்ணும் தெரியல. இருந்தாலும் கொஞ்சம் சதையக் கிள்ளி எடுத்து டெஸ்டுக்கு அனுப்புறேன். பத்து நாள்ல சொல்லிருவாங்க. மருந்து எழுதுறேன், தடவுங்க." கையுறையைக் கழற்றியபின் அவர் குரல் சற்றே கடுமையானது. "ரத்தம் பட்டா அன்னைக்கே வரணும் சண்முகவடிவு. தேதி வர்ற வரைக்கும் இருக்கக் கூடாது."

"வந்துருதேம்மா."

பத்து நாளில் வந்த முடிவும் மருத்துவர் கண்டதையே சொன்னது. ஆனால் அந்தப் பத்து நாளைப் பற்றிய அச்சம்கூட அன்று அவளைத் தொடவில்லை. தெரியாத ஒன்றைத் தனியே சுமப்பதும், தெரிந்துகொள்ளக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பதும் வேறு வேறு எடையுள்ளவை என்பதைப் புடவையைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்தபோது அவள் உணர்ந்தாள்.

கூடத்தில் தங்கபுஷ்பம் யாருக்கோ சாம்பார் வைக்கும் முறையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். மாடத்தியின் காலுக்கு ஜெசிந்தா புதிய பட்டை சுற்றிக்கொண்டிருந்தார். குடை மட்டும் சுவரில் சாய்ந்திருந்தது, ஆவுடையம்மாளைக் காணவில்லை.

"எங்க மைனியப் பாத்தியளா?"

ஜெசிந்தா முகவாயால் அடுத்த அறையின் திரையைக் காட்டினார். "புதுச் சீட்டு போட்டு உள்ள போயிருக்காங்க."

வடிவு திரையருகே போய் நின்றாள். உள்ளே இளம் மருத்துவர் ஒருவரின் குரல் கேட்டது.

"தீட்டு நின்னு எத்தன வருசம் ஆச்சும்மா?"

"எட்டு."

"இப்ப எத்தன நாளாப் படுது?"

மருத்துவர் மீண்டும் கேட்டார். ஏதோ ஒரு முணுமுணுப்பு. தொண்டைக்குள்ளேயே புதைந்துபோன ஒரு சொல். "கேக்கலையேம்மா" என்றார் மருத்துவர். திரையின் கீழே ஆவுடையம்மாளின் கால்கள் தெரிந்தன. பதினான்கு கிலோமீட்டர்ச் சேறு காய்ந்த அந்தக் கால்களின் விரல்கள் தரையைப் பற்றிக்கொள்ள முயன்றன.

வடிவு திரையைத் திறக்கவில்லை. அதன்மேல் உள்ளங்கையை வைத்து, "மைனி, நான் வெளியதான் நிக்கேன். சத்தமாச் சொல்லுங்க. அவியளுக்குக் கேக்கணும்லா" என்றாள்.

பிறகு, மூன்று தெருவுக்குக் குலவையிடுகிற அந்தத் தொண்டை ஒருமுறை கனைத்துக்கொண்டது.

"தை மாசத்துலேருந்து" என்றாள் ஆவுடையம்மாள்.

கூடத்தில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லோருக்கும் கேட்டிருந்தது.